வீட்டில் சூரை மீன் ஸ்டீக் கிரில் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள்தான் சூரை ஸ்டீக்கில் அதிகம் கோட்டை விடுகிறார்கள். சதை வெளுத்து இதழ் இதழாகப் பிரியும்வரை அடுப்பில் விடுவது மற்ற மீன்களில் பழகிப்போன கை. சூரையில் அந்தக் கட்டம் வரும்போது கதை முடிந்திருக்கும். என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டு வைக்கிறேன். சூரை, டூனா இரண்டும் ஒன்றுதான், வாய்க்கு வந்தபடி மாற்றி மாற்றி எழுதியிருப்பேன், கண்டுகொள்ளாதீர்கள்.

மீன்தானே, ஏன் மாட்டிறைச்சி ஸ்டீக் மாதிரி சுடச் சொல்கிறார்கள்?

அதன் சதை அப்படி. சூரை வாழ்நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கிற மீன். நின்றால் செவுளுக்குள் தண்ணீர் போகாது, மூச்சு முட்டிவிடும். ஓயாமல் உழைக்கிற தசைக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும், அதைப் பிடித்து வைக்கிற மயோகுளோபின் என்ற புரதம்தான் அந்தச் சிவப்பு நிறம். ரத்தம் என்று நினைத்துப் பலர் மாய்ந்து மாய்ந்து கழுவுகிறார்கள், அது போகவே போகாது. உடம்பையும் சுற்றியிருக்கிற கடல் நீரைவிடச் சூடாக வைத்துக்கொள்ளும், மீன்களில் இது அபூர்வம்.

இன்னொரு விஷயம் கொழுப்பு. கடையில் ஸ்டீக்காகக் கிடைக்கும் சூரையில் பெரும்பாலும் கொழுப்பு மிகக் குறைவு. சால்மன் என்றால் இரண்டு நிமிடம் கூடினாலும் கொழுப்பு காப்பாற்றிவிடும், இங்கே காப்பாற்ற ஆளில்லை. உள்வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சிவப்பு மங்கும், 60ஐ நெருங்கும்போது நார்கள் இறுகிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அதற்கு மேல் கிடைப்பது டப்பா மீன்தான், அதில்கூட எண்ணெயாவது இருக்கும். ஆகவே, வெளியே நன்றாகச் சுட்டு, நடுவை எவ்வளவு முடியுமோ அவ்வளவு தொடாமல் விடுவதுதான் வேலையே. கீழே வருகிற பதில்கள் பாதிக்கு மேல் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

எந்தச் சூரை வாங்குவது?

ஸ்டீக்குக்கு அதிகம் கிடைப்பது மஞ்சள் துடுப்புச் சூரை. நல்ல சிவப்பு, கெட்டியான சதை, மென்மையான சுவை, முதல் முறை சுடுகிறவர்களுக்கு இதையே சொல்வேன். பெரிய கண் சூரையில் கொழுப்பு கொஞ்சம் கூடுதல், சுவையும் அதிகம், ஆனால் பாதரசமும் அதிகம், அதைக் கீழே தனியாகப் பேசுவோம். அல்பகோர் வெளிர் நிறம், சதை கொஞ்சம் இளகியது, முழுசாக வேகவைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இதுதான் தோதானது. சிறிய வகையான ஸ்கிப்ஜாக்கில் மீன் வாடை தூக்கல், துண்டும் சின்னதாக வரும், ஸ்டீக் ஆசைக்கு ஒத்துவராது. நீலத் துடுப்புச் சூரை கிடைத்தால்? அதைக் கிரிலில் வைக்க எனக்கு மனசு வராது.

துண்டு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும்?

குறைந்தது 2.5 செ.மீ. என்னைக் கேட்டால் 3 முதல் 4 செ.மீ. கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வறுவலுக்கு வெட்டுவது போல விரல் தடிமனுக்கு வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார். ஒன்றரை செ.மீ. துண்டில், வெளியே நிறம் வருவதற்குள் நடுப்பகுதி வெந்துவிடும், எவ்வளவு திறமை இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு பேருக்கு இரண்டு மெல்லிய துண்டு வாங்குவதைவிட, தடியாக ஒரே துண்டு வாங்கிச் சுட்டு, வெட்டிப் பகிர்ந்து சாப்பிடுவது எவ்வளவோ மேல். ஓர் ஆளுக்கு 150 முதல் 180 கிராம் போதும், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைகிற மீன் இது.

ஏற்கெனவே மெல்லிய துண்டு வாங்கி வந்துவிட்டீர்களா? சுடுவதற்கு முன் 15, 20 நிமிடம் ஃபிரீசரில் வையுங்கள். உறைய வேண்டாம், விறைப்பாகச் சில்லென்று ஆனால் போதும். நடுப்பகுதி சூடாக இன்னும் சில நொடிகள் கூடுதலாக ஆகும், அந்தச் சில நொடிதான் நமக்கு வேண்டும்.

நல்ல துண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தைப் பார்த்தால் போதுமா?

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். வெட்டிய சூரை காற்றுப் பட்டதும் மெல்லப் பழுப்பாகும், ஆப்பிள் வெட்டி வைத்தால் நிறம் மாறுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள் (வேதியியல் வேறு, கண்ணுக்குத் தெரிவது அதேதான்). லேசான பழுப்பு ஓரம் கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. எதிர்ப்பக்கம்தான் சிக்கல்: கார்பன் மோனாக்சைடு காட்டிப் பதப்படுத்திய சூரை, தர்பூசணி மாதிரி ஒரே சீரான இளஞ்சிவப்பில் வாரக்கணக்கில் நிற்கும், உள்ளே பழசாகிக்கொண்டிருந்தாலும் முகத்தில் காட்டாது. அமெரிக்காவில் இதற்கு அனுமதி உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் கிடையாது. பாக்கெட்டில் பொருள் பட்டியலைப் படியுங்கள், அதில் கார்பன் மோனாக்சைடு என்றோ சுவையற்ற புகை என்றோ போட்டிருக்கும். சாப்பிட்டால் ஆபத்து என்று சொல்லவில்லை, நிறத்தை வைத்துப் புதுசா பழசா என்று சொல்ல முடியாது என்கிறேன், அவ்வளவுதான்.

மூக்கை நம்புங்கள். கடல் வாடை இருக்கலாம், நாற்றம் இருக்கக் கூடாது, புளிப்பு வாடை கூடவே கூடாது. அமுக்கினால் திரும்பி எழும்ப வேண்டும். நார்களுக்கு இடையே பிளவு விட்டிருந்தால், தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால், விட்டுவிடுங்கள். வெட்டிய பரப்பில் எண்ணெய் மிதக்கிற மாதிரி வானவில் நிறம் மின்னினால் பயப்படாதீர்கள், அது தசை நார்களின் ஒழுங்கான அடுக்கில் வெளிச்சம் சிதறுவது.

துண்டின் ஒரு பக்கத்தில் கருஞ்சிவப்பாக, கிட்டத்தட்டக் கறுப்பாக ஒரு பட்டை ஓடுமே, அதுவும் சதைதான், சாப்பிடலாம். ஆனால் இரும்பை நக்கினது போல ஒரு வாடை, சுட்டால் இன்னும் தூக்கலாகும். நான் கத்தியால் வெட்டி எடுத்துவிடுகிறேன். வீட்டில் பூனை இருந்தால் அதற்கு ஒரு வழி கிடைத்தது.

ஃபிரீசரில் இருந்த மீன் பரவாயில்லையா?

தாராளமாக. பெரும்பாலும் ‘ஃப்ரெஷ்’ என்று விற்பதைவிட, பிடித்தவுடன் கப்பலிலேயே உறைய வைத்ததுதான் நன்றாக இருக்கும். பச்சையாகச் சாப்பிடுவதற்கான உயர்தரச் சூரையை மைனஸ் 60 டிகிரியில் வைக்கிறார்கள், அப்போதுதான் நிறம் நிற்கும். நம் வீட்டு ஃபிரீசர் மைனஸ் 18தான், அதில் மாதக்கணக்கில் போட்டு மறந்தால் பழுப்பாகிவிடும், ஓரமும் காய்ந்துவிடும்.

உறைந்த மீன் இளக, முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அவசரம் என்றால் தண்ணீர் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம். வெந்நீர் வேண்டாம், மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், ஓரம் வெந்து நடு கல்லாக நிற்கும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: காற்று உறிஞ்சிய பாக்கெட்டில் வந்த மீன் என்றால், மீனை இளக வைப்பதற்கு முன் பாக்கெட்டை வெட்டித் திறந்துவிடுங்கள். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவில் ஒரு வகை, காற்றே இல்லாத இடத்தில், 3.3 டிகிரி குளிரிலேயே வளரக்கூடியது, அதன் நஞ்சு சும்மா விடாது. ஒரு கத்திக் கீறலில் முடிகிற வேலைக்கு ஏன் சோம்பல்?

நடுவில் சிவப்பாக, பச்சையாக இருக்கிறதே. சாப்பிடலாமா?

நேர்மையாகச் சொல்வதானால், முழுக்கப் பாதுகாப்பான எண் 63 டிகிரி. மீனுக்கு அமெரிக்க உணவுத் துறைகள் சொல்வது அதுதான். நடு சிவப்பாக இருக்கிற ஸ்டீக் அதற்கு வெகு கீழே, 45 டிகிரி பக்கத்தில்தான் நிற்கும். அதனால் கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், இவர்களுக்கு முழுசாக வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். இதில் ‘ஒரு வாய்தானே’ என்ற பேச்சே கிடையாது.

மற்றவர்கள் விஷயத்தில் அவரவர் முடிவு. பயம் இரண்டு வகை. ஒன்று புழு. பச்சையாகப் பரிமாறும் மீன்களை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைக்க வேண்டும், அல்லது மைனஸ் 35இல் உறையவிட்டு அதே குளிரில் 15 மணி நேரம் வைக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதி சொல்கிறது. அந்த விதியிலிருந்து மஞ்சள் துடுப்பு, பெரிய கண், நீலத் துடுப்பு, அல்பகோர் போன்ற சூரைகளுக்கு விலக்கு உண்டு, இவற்றில் புழுத் தொல்லை அவ்வளவு குறைவு. இரண்டாவது பாக்டீரியா. உறைய வைத்தால் அது சாகாது, தூங்கும். அது எவ்வளவு இருக்கும் என்பது மீனை எப்படிக் கையாண்டார்கள், குளிர் விட்டுப்போகாமல் வந்ததா என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் துண்டின் வெளிப்பரப்பில்தான் இருக்கும், அதை நெருப்பு பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் முழுத் துண்டை நடு சிவப்பாகச் சுடுவது ஒரு கணக்கு, அரைத்த சூரையில் பர்கர் தட்டி உள்ளே பச்சையாக விடுவது வேறு கணக்கு. இரண்டாவதைச் செய்யாதீர்கள், அரைக்கும்போது வெளிப்பரப்பு முழுக்க உள்ளே போய்விடுகிறது.

‘சுஷி தரம்’ (பச்சையாகச் சாப்பிடலாம் என்ற பொருளில்) என்று ஒட்டியிருக்கிற லேபிளை வைத்து முடிவு செய்யாதீர்கள். அமெரிக்கச் சட்டத்தில் அப்படி ஒரு தரமே வரையறுக்கப்படவில்லை, விற்கிறவர் ஒட்டுவதுதான். எப்போது வந்தது, உறைய வைத்ததா என்று நேரே கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அன்றைக்கு வேறு ஏதாவது சமைத்துக்கொள்ளலாம்.

டூனா சாப்பிட்டு முகம் சிவந்து அரிக்கிறது. அலர்ஜியா?

அலர்ஜியாகவும் இருக்கலாம், ஆனால் ஹிஸ்டமின் நஞ்சாக இருக்க நிறைய வாய்ப்பு. மீன் பிடித்த பிறகு குளிரில் வைக்காமல் விட்டால், சதையில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற பொருளைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சூரையில் ஹிஸ்டிடின் ஏராளம். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், தலைவலி, படபடப்பு, தடிப்பு எல்லாம் வரும். சில சமயம் வாயில் வைத்ததுமே மிளகு கடித்தது போலச் சுருக்கென்று இருக்கும். அப்படித் தெரிந்தால் துப்பிவிடுங்கள், மரியாதை பார்க்காதீர்கள்.

இதில் மோசமான சங்கதி, ஹிஸ்டமின் ஒரு தடவை உருவாகிவிட்டால் சுட்டாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. மீன் பார்க்க நன்றாகவே இருக்கும், நாறாது. தப்பிக்க ஒரே வழி குளிர்தான்: கடையிலிருந்து ஐஸ் வைத்துக் கொண்டுவாருங்கள், வீட்டில் 4 டிகிரிக்குக் கீழே வையுங்கள், வாங்கிய அன்றே, மிஞ்சினால் மறுநாள், சுட்டுவிடுங்கள். மூச்சு விடச் சிரமமாக இருந்தால் அலர்ஜியா நஞ்சா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மசாலாவில் ஊற வைக்கலாமா? எவ்வளவு நேரம்?

வைக்கலாம், ஆனால் அது ஊறி உள்ளே போய் மென்மையாக்கும் என்று நினைக்காதீர்கள். உப்பைத் தவிர மற்றதெல்லாம் மேலாகத்தான் நிற்கும். எண்ணெய், தட்டிய பூண்டு, இஞ்சி, மிளகு, மூலிகை இதெல்லாம் அரை மணி நேரம் போதும். எலுமிச்சைச் சாறு, வினிகர் சேர்த்தால் 15 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். புளிப்பு மீனை நெருப்பில்லாமலே வேகவைக்கும். நான் ஒருமுறை ‘நன்றாக ஊறட்டும்’ என்று எலுமிச்சையில் இரவு முழுக்க விட்டேன், காலையில் திறந்தால் சிவப்பெல்லாம் போய் ஓரம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது, தொட்டால் மாவாக உதிர்ந்தது. எலுமிச்சையைச் சாப்பிடும்போது பிழிந்துகொள்ளுங்கள்.

தேன், சர்க்கரை சேர்த்த மசாலா என்றால் கடும் நெருப்பில் ஒரு நிமிடத்தில் கருகும். சோயா சாஸ் நிறம் கொடுக்கும், ஆனால் அதிலுள்ள உப்பையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். எது தடவினாலும் கிரிலில் வைப்பதற்கு முன் துடைத்துவிடுங்கள்.

துடைத்துவிட்டால் தடவினதே வீண் இல்லையா?

இல்லை. ஈரமான பரப்பு முதலில் அவியும், தண்ணீர் வற்றிய பிறகுதான் சிவக்கும். மற்ற சமையலில் அந்த ஒரு நிமிடம் பெரிய விஷயமில்லை, சூரையில் மொத்த நேரமே மூன்று நான்கு நிமிடம்தான், அதில் ஒரு நிமிடத்தைத் தண்ணீர் வற்றக் கொடுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது? டிஷ்யூ பேப்பரால் எல்லாப் பக்கமும் ஒற்றியெடுங்கள், பேப்பர் ஈரமாகாமல் வரும்வரை.

உப்பு விஷயமும் இதேதான். ஒன்று, கிரிலில் வைக்கும் நொடிக்குச் சற்று முன் போடுங்கள். இல்லையென்றால் அரை மணி, முக்கால் மணி முன்பே போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, கசிந்த நீரை ஒற்றிவிட்டுச் சுடுங்கள். இரண்டுக்கும் நடுவில், பத்து நிமிடம் முன்னால் போடுவதுதான் தப்பு, சரியாக அந்த நேரத்தில்தான் மேலே முத்து முத்தாக நீர் பூத்து நிற்கும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு சுடவா?

வேண்டாம். அது தடித்த இறைச்சிக்குச் சொல்வது. நமக்கு நடுப்பகுதி சில்லென்று இருப்பதுதான் லாபம், ஹிஸ்டமின் கதையும் மேலே சொல்லியாகிவிட்டது.

எண்ணெய் மீனிலா, கம்பியிலா? எனக்கு எப்போதும் ஒட்டிக்கொள்கிறது.

மீனில். மெலிதாக, பளபளக்கிற அளவுக்கு. கொழகொழவென்று தடவினால் சொட்டிக் கீழே தீப்பிடித்து மீனில் புகைக்கரி படியும். புகையும் வெப்பம் அதிகமான, சுத்திகரித்த எண்ணெய் எதுவானாலும் சரி. நல்ல ஆலிவ் எண்ணெயை இங்கே வீணாக்காதீர்கள், இறக்கிய பிறகு மேலே ஊற்றுங்கள்.

ஒட்டுவதற்கு எண்ணெய் மட்டும் காரணம் இல்லை. கம்பி சூடாகாமல் இருந்தாலும், போன தடவை சுட்டதன் மிச்சம் அதில் இருந்தாலும் ஒட்டும். நன்றாகச் சூடாக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்ணெயில் நனைத்த பேப்பரை இடுக்கியில் பிடித்து ஒரு துடை துடையுங்கள். அப்புறம் மீனை வைத்ததும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். புரதம் சூடான உலோகத்தில் முதலில் பற்றிக்கொள்ளும், மேல்தோல் கட்டியதும் தானாக விடும். ஐந்து நொடிக்கொரு தரம் தூக்கிப் பார்க்கிறவர்களுக்குத்தான் கிழிகிறது.

நெருப்பு எவ்வளவு? கரியா, கேஸா?

எவ்வளவு முடியுமோ அவ்வளவு. கம்பிக்கு மேலே ஒரு 10 செ.மீ. உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள், இரண்டு நொடியில் கையை இழுத்துக்கொள்ளத் தோன்ற வேண்டும். நான்கு நொடி தாங்குகிறது என்றால் இன்னும் பொறுங்கள்.

கரியில் சுவை அதிகம் என்பார்கள். நான்கு நிமிடத்தில் எவ்வளவு புகை ஏறிவிடும்? கரியின் பலம் அதன் மூர்க்கமான வெப்பம்தான். பற்ற வைத்து 20, 25 நிமிடத்தில் மேலே சாம்பல் பூத்துவிடும், அப்போது எல்லாவற்றையும் ஒரே பக்கமாகக் குவித்துவிடுங்கள், பரப்பிவிட்டால் சூடு பாதியாகிவிடும். கேஸ் கிரில் என்றால் எல்லா பர்னரையும் முழுசாக வைத்து, மூடி போட்டு 15 நிமிடம் சூடாக்குங்கள். மீனை வைத்த பிறகு மூடி வேண்டாம், மூடினால் கிரில் ஓவனாக மாறி, மேலிருந்தும் நடுவைச் சூடாக்கும்.

சரி, எத்தனை நிமிடம்?

இதற்குத்தான் எல்லாரும் வருகிறார்கள். 2.5 செ.மீ. துண்டுக்குப் பக்கத்துக்கு ஒன்றரை முதல் 2 நிமிடம், 4 செ.மீ. துண்டுக்கு 2 முதல் இரண்டரை நிமிடம், ஒன்றரை செ.மீ.க்கு முக்கால் நிமிடம் போதும். இது நடு சிவப்பாக வேண்டும் என்பவர்களுக்கு. ஆனால் உங்கள் நெருப்பு என் நெருப்பு இல்லை, கடிகாரத்தைவிட நம்பத் தகுந்தது ஒன்று இருக்கிறது.

குனிந்து துண்டின் பக்கவாட்டைப் பாருங்கள். வைத்தவுடன் முழுக்கச் சிவப்பு. இருபது முப்பது நொடியில் அடியில், கம்பியை ஒட்டி, நகத்தின் வெள்ளைப் பிறை மாதிரி ஒரு சாம்பல் வெள்ளைக் கோடு தோன்றும். அது மெல்ல மேலே ஏறும். கோட்டுக்கு மேலே சிவப்பு, கீழே வெளுப்பு, நடுவில் மங்கலான இளஞ்சிவப்பு ஒரு நூல் அகலத்துக்கு. கோடு தடிமனில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறியதும் திருப்புங்கள். அடுத்த பக்கமும் அதே அளவு ஏறியதும் எடுங்கள், நடுவில் பாதிக்கு மேல் சிவப்பு நிற்கும். கொஞ்சம் வெந்தது வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் மூன்றில் ஒரு பங்கு ஏறவிடுங்கள். ஒரே தடவை திருப்பினால் போதும்.

அந்த நான்கு நிமிடமும் அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் கஷ்டமே. ஒருமுறை விருந்தாளிகளை உட்கார வைத்துவிட்டு நான்கு துண்டைக் கிரிலில் போட்டேன், போன் அடித்தது, ‘சுட்டுக்கொண்டிருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன்’ என்று சொல்லத்தான் எடுத்தேன். சொல்லி முடித்துத் திரும்பினால் பக்கவாட்டில் சிவப்பே இல்லை. தட்டில் வைத்தபோது ‘டொக்’ என்று சத்தம் கேட்டது. வந்தவர்கள் பெருந்தன்மையாக நிறைய மயோனைஸ் கேட்டார்கள்.

தெர்மாமீட்டர் தேவையா?

தடியான துண்டுக்கு உதவும். முனை மெல்லியதாக, சீக்கிரம் காட்டுவதாக இருக்கட்டும், பக்கவாட்டில் குத்தி நடு வரை நுழையுங்கள். 43 முதல் 46 டிகிரி என்றால் நடு சிவப்பு, 50 பக்கம் என்றால் இளஞ்சிவப்பு, 55க்கு மேல் கிட்டத்தட்ட வெந்துவிட்டது. எடுத்த பிறகும் உள்ளே இரண்டு மூன்று டிகிரி ஏறும், அதைக் கழித்துக்கொண்டு எடுங்கள். 2.5 செ.மீ. துண்டில் குத்தி, எண் நிலைத்து, படித்து முடிப்பதற்குள் வெந்துவிடும், அங்கே கண்தான் தெர்மாமீட்டர்.

எங்கள் வீட்டில் கிரிலே இல்லை.

வார்ப்பிரும்பு வாணலியோ தட்டையான கல்லோ இருந்தால் போதும், ரகசியமாகச் சொன்னால் வீட்டுக் கிரிலைவிட அதில்தான் முழுப்பரப்பும் சீராகச் சிவக்கும். கோடு கோடாக விழுவது படம் எடுக்கத்தான் அழகு, கோட்டுக்கு நடுவே உள்ள இடம் வெறுமனே வெளுத்துத்தான் இருக்கும். குறைந்தது ஐந்து நிமிடம் வெறும் கல்லைச் சூடாக்குங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை வரும். நான்ஸ்டிக் வேண்டாம், 260 டிகிரி பக்கம் போனால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும்.

சிவப்பாக இருந்தால் எனக்கு இறங்காது. முழுசாக வெந்தது வேண்டும், ஆனால் காயக் கூடாது.

இதைக் கேட்கிறவர்கள் ஏதோ குற்றம் செய்தது மாதிரி கேட்கிறார்கள். உங்கள் தட்டு, உங்கள் இஷ்டம். ஆனால் முறையை மாற்ற வேண்டும், அதே கடும் நெருப்பில் கூடுதல் நேரம் விட்டால் ஓரம் மரமாகிவிடும்.

முதலில் ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, துண்டுகளை அதில் 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள், சதை கொஞ்சம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒற்றி எண்ணெய் தடவி, நல்ல சூட்டில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் நிறம் வரவிட்டு, நெருப்பில்லாத பக்கம் நகர்த்துங்கள். இப்போது மூடி போடலாம். 60 டிகிரி வந்ததும் எடுத்துத் தட்டில் மூடி வைத்து மறுபடி குத்திப் பாருங்கள், 63 வந்திருந்தால் சரி, இல்லையென்றால் அரை நிமிடம் திரும்ப வையுங்கள். எடுத்த சூட்டோடு மேலே வெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ தாராளமாக. மீனில் இல்லாத கொழுப்பை வெளியிலிருந்து கொடுக்கிறோம்.

சுட்ட பிறகு ஆற விட வேண்டுமா? எப்படி வெட்டுவது?

இரண்டு நிமிடம் போதும், அதுவும் சூடான தட்டில் வேண்டாம், அடி வெந்துகொண்டே இருக்கும். வெட்டும்போது நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக ஒரு செ.மீ. தடிமனில் வெட்டுங்கள். கூர்மையான நீளக் கத்தியை அழுத்தாமல் ஒரே இழுப்பாக இழுங்கள். ரம்பம் மாதிரி அறுத்தால் கஷ்டப்பட்டுக் கட்டிய மேல்தோல் உதிர்ந்துவிடும். கரகரப்பான உப்பு வெட்டிய பிறகு, சிவந்த நடுவின் மேல் படும்படி.

தொட்டுக்கொள்ள என்ன?

கொழுப்பும் புளிப்பும் உள்ள எதுவும். எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும், சோயா சாஸில் துருவிய இஞ்சி, பூண்டு மயோனைஸ், பொடியாக நறுக்கிய மூலிகைகளை எண்ணெயில் குழைத்தது. சுடுவதற்கு முன் எள்ளில் புரட்டியெடுப்பது பார்க்க அழகு, ஆனால் கம்பியில் பாதி கொட்டிவிடும், அது வாணலிக்கு ஏற்றது. கனமான கிரீம் சாஸ் மட்டும் வேண்டாம் என்பேன்.

பாதரசம் இருக்கிறது என்கிறார்களே, வாரம் எத்தனை தடவை?

இருக்கிறது. பெரிய மீன் சின்ன மீனைத் தின்று, அதில் உள்ளதெல்லாம் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும். சூரை பெரிய மீன், பல ஆண்டு வாழ்கிற மீன். கழுவினாலும் சுட்டாலும் போகாது, சதையிலேயே கலந்திருக்கிறது. கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், சின்னக் குழந்தைகளுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தருகிற பட்டியலில் பெரிய கண் சூரை தவிர்க்க வேண்டிய மீன், மஞ்சள் துடுப்பும் அல்பகோரும் வாரம் ஒரு வேளை. ஒரு வேளை என்பது பெரியவர்களுக்கு 113 கிராம்தான், குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. மற்ற பெரியவர்களும் தினம் தினம் சாப்பிடாமல், நடுநடுவே மத்தி மாதிரி சின்ன மீன்களுக்கு மாறிக்கொள்வது நல்லது.

மிச்சமானால்?

இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். நடு சிவப்பாக விட்ட துண்டு என்றால் மறுநாளே. திரும்பச் சூடாக்காதீர்கள், நடுவைக் காப்பாற்ற நின்ற நான்கு நிமிடமும் வீண். சில்லென்று இருக்கும்போதே கையால் பிய்த்து, வெங்காயம், எலுமிச்சை, கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசறி, ரொட்டித் துண்டின் மேல் வைத்துச் சாப்பிடுங்கள். முந்தின நாள் கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்ட துண்டுக்கும் இதே வழிதான், நான் அந்த நான்கு துண்டையும் மறுநாள் இப்படித்தான் தீர்த்தேன்.